நனையாமல் எடுக்கும் கடல்

மேலே நிற்கும் கப்பலையும் கீழே இறங்கிய இரும்புக் கூண்டையும் இணைத்திருந்த வடம் அறுந்துவிடுகிறது. உள்ளே நாலு பேர். விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது. சின்ன வட்டக் கண்ணாடிக்கு வெளியே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ அசைகிறது. கடலடியில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிய அறிபுனைப் படம் எதைப் போட்டுப் பார்த்தாலும் இப்படி ஒரு காட்சி வந்து நிற்கும்.

கையில் அதிகம் காசில்லாத தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கதை மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. விண்வெளிக் கதை என்றால் ராக்கெட் வேண்டும், நட்சத்திரம் வேண்டும், போய் இறங்க ஒரு கிரகம் வேண்டும். கடலடிக் கதைக்கு ஒரு குறுகலான அறையும் கொஞ்சம் இருட்டும் போதும். கடலில் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மிகவும் மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே கிடையாது. ஆக, செட்டின் சுவர் எங்கே முடிகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. இருட்டாக எடுத்தால் அது கஞ்சத்தனமா, உண்மைத்தன்மையா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

ஆனாலும் எங்கேயாவது ஓரிடத்தில் தண்ணீரைக் காட்டித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் கைகொடுப்பதுதான் ‘ட்ரை ஃபார் வெட்’ என்னும் பழைய தந்திரம். நீருக்குள் நடப்பதாகக் காட்ட வேண்டிய காட்சியை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத தளத்தில் எடுப்பதற்குப் பெயர் அது. பட்டப்பகலில் எடுத்துவிட்டு இரவு என்று நம்பவைக்கும் ‘டே ஃபார் நைட்’ உத்தியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

நிஜத் தண்ணீரில் எடுத்தால் என்ன?

எடுக்கலாம். பணமும் பொறுமையும் இருந்தால். 1989இல் வெளிவந்த ஒரு பெரிய ஹாலிவுட் கடலடிப் படத்துக்காக, தென் கரோலினாவில் பாதியில் கைவிட்ட அணுமின் நிலையக் கட்டடம் ஒன்றையே தொட்டியாக மாற்றினார்கள். இரண்டரைக் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். மேலிருந்து வெயில் இறங்கி ‘ஆழ்கடலை’க் கெடுத்துவிடாமல் இருக்க, நீர்ப்பரப்பு முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டி மூடினார்கள். தொட்டியின் அடியில் நீண்ட நேரம் வேலை செய்த குழுவினர் நினைத்தவுடன் மேலே வந்துவிடவும் முடியாது. உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். நடிகரால் நீருக்குள் பேச முடியாது. இயக்குநரால் ‘இன்னொரு தடவை’ என்று சாதாரணமாகக் கத்த முடியாது. கேமராவுக்குத் தனி உறை. ஒரு மணி நேர வேலை ஒரு நாளைத் தின்றுவிடும்.

கடலைப் படமெடுக்க வேண்டும், ஆனால் நனையக் கூடாது என்ற ஆசை சினிமாவின் ஆரம்ப காலத்திலேயே வந்துவிட்டது. ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் 1914இல் பஹாமாஸ் கடலில் படமெடுத்தபோது, படகிலிருந்து நீருக்குள் ஒரு நீண்ட இரும்புக் குழாயை இறக்கி, அதன் நுனியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறை ஒன்றைப் பொருத்தியிருந்தார். கேமராக்காரர் அதற்குள் உலர்ந்த சட்டையோடு உட்கார்ந்து வெளியே நீந்துவதை எடுத்தார். அங்கே கேமரா மட்டும்தான் நனையாமல் தப்பியது. ட்ரை ஃபார் வெட் இன்னும் ஒரு படி மேலே போய் நடிகரையும் கரையேற்றிவிட்டது.

புகையும் மெதுவும்

அடிப்படைச் சரக்கு புகை. தளம் முழுக்க ஸ்மோக் மெஷினால் மெல்லிய புகையைப் பரப்பி, கொஞ்ச நேரம் அசையாமல் விட்டு, அது சீராக நின்றதும் படமெடுப்பார்கள். ஏன் புகை? கடல்நீரில் சதா நுண்துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. டார்ச் அடித்தால் ஒளி அந்தத் துகள்களில் பட்டுச் சிதறும்; ஒளிக்கற்றையே கண்ணுக்குத் தெரியும்; தூரத்தில் இருப்பது மங்கிக் கரைந்துபோகும். புகையிலும் நடப்பது அதேதான். ஊடகம்தான் வேறு, சிதறும் கணக்கு ஒன்று. அதனால்தான் கண் ஏமாறுகிறது. பத்தடி தள்ளியிருக்கும் பின்சுவர் காணாமல் போவது உபரி லாபம்.

அடுத்து நிறம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். தெளிந்த கடலில்கூடப் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெருமளவு போய்விடும். அதற்கும் கீழே ரத்தம் கருமையாக, பச்சை கலந்ததுபோலத் தெரியும். விளக்குகளுக்கு முன்னால் நீல, பச்சை ஜெல் தாள்களை ஒட்டுவது இந்தச் சிவப்பைத் திருடத்தான். மேலோட்டமான ஆழம் என்றால், ஒரு தட்டில் நீர் ஊற்றி அதை லேசாக ஆட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் தெறிக்கவிட்டால் சுவரில் அலையலையாக ஒளிவலை ஓடும். இதை வைத்தே பல படங்கள் கடலைக் கட்டியிருக்கின்றன. ஆனால் ஐநூறு மீட்டர் ஆழத்தில் அந்த ஒளிவலை ஓடினால் சிரிப்பு வரும். அங்கே அலையை ஊடுருவி வரச் சூரியன் ஏது?

மூன்றாவது வேகம். சாதாரணமாக நொடிக்கு 24 ஃப்ரேம். 48 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓடவிட்டால் அசைவு பாதி வேகத்துக்கு இறங்கும். நீரின் தடையை மீறிக் கால் தூக்குவது போன்ற கனம் வந்துவிடும். முடியும் துணியும் மிதப்பதற்கு மின்விசிறி. உடலைக் கம்பியில் தொங்கவிட்டால் நீச்சல். காற்றுக்குமிழிகளைத் தனியாக ஒரு மீன்தொட்டியில் எடுத்துப் படத்தின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். இன்னும் மலிவான வழி: கேமராவுக்கும் நடிகருக்கும் நடுவில் அந்த மீன்தொட்டியையே வைத்துவிடுவது. குமிழியும் மீனும் முன்னால், மனிதர் பின்னால். மீன் ஆளின் தலையளவுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது இயக்குநரின் விதி.

இந்த வேகக் குறைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் கதையின் அமைப்பையே அது தீர்மானித்துவிடுவது தெரியும். 48 ஃப்ரேமில் பேசியதை மெதுவாக்கினால் உதடு இழுபடும், இமை தூக்கக்கலக்கத்தில் மூடுவதுபோல மூடும். ஆகவே வெளியே போகிறவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு மௌனமாகத் திரிகிறார்கள். பேச்செல்லாம் கூண்டுக்குள் திரும்பிய பிறகு. சண்டை, காதல், சந்தேகம், தலைவர் யார் என்ற தகராறு எல்லாம் உள்ளே; அசைவும் ஆபத்தும் வெளியே. இந்தப் பிரிவினையைக் கலைநோக்கம் என்று விளக்கி எழுதுபவர்களும் இருக்கலாம். பாதிக் காரணம் உதட்டசைவுதான்.

காட்டிக்கொடுப்பது எது என்று கேட்டால், நான் முதலில் காலைப் பார்ப்பேன். நிஜக் கடலடியில் பூட்ஸ் பட்டால் சேறு மேகமாக எழுந்து அப்படியே தொங்கும். செட்டில் கொட்டிய மணல் எழுந்த வேகத்திலேயே பொத்தென்று விழுந்துவிடும். கையிலிருந்து நழுவும் ஸ்பேனரும் அப்படித்தான். எத்தனை ஃப்ரேமில் எடுத்தாலும் ஈர்ப்புவிசை ஒரு கண் சிமிட்டும். விவரம் தெரிந்தவர்கள் மணலுக்குப் பதில் மாவுபோல மெல்லிய மண்பொடியைத் தூவுவார்கள்.

பொம்மைக் கப்பலின் கணக்கு

நீர்மூழ்கி முழுசாகத் தெரிய வேண்டிய இடங்களில் மினியேச்சர். சின்ன மாதிரியைப் பெரிதாக நம்பவைப்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: எத்தனை மடங்கு சிறிதோ, அதன் வர்க்கமூலம் மடங்கு ஃப்ரேமைக் கூட்ட வேண்டும். 16இல் ஒரு பங்கு மாதிரி என்றால் நாலு மடங்கு, அதாவது நொடிக்கு 96 ஃப்ரேம். விழும் பொருளும் ஆடும் பொருளும் அப்போதுதான் சரியான கனத்தோடு தெரியும். தண்ணீர் மட்டும் இந்தச் சூத்திரத்துக்கு முழுசாக அடங்காது. துளியையும் குமிழியையும் பரப்பு இழுவிசை ஒரு குறிப்பிட்ட அளவிலேயே பிடித்து வைத்திருப்பதால், பொம்மைக் கப்பலின் பக்கத்தில் ஒரு துளி தெறித்தாலே அது பொம்மை என்று தெரிந்துவிடும். கடலுக்கு அடியில் இருக்கும் கப்பலைத் தண்ணீரில் போடுவதைவிடப் புகையில் தொங்கவிடுவது நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத நடிகர்

இதுவரை சொன்னது கடலின் தோற்றத்தைப் பற்றி. தோற்றத்துக்குப் பணம் வேண்டும், அல்லது பணமில்லாத குறையை மறைக்கும் சாமர்த்தியம் வேண்டும். ஆனால் மாட்டிக்கொண்டவர்களின் கதையில் நம்மை உட்காரவைப்பது தண்ணீரின் தோற்றமா என்ன? அதன் பாரம். அந்தப் பாரத்தைப் படத்தில் கொண்டுவரக் காசே வேண்டாம். எழுதுகிறவர் கொஞ்சம் இயற்பியல் தெரிந்தவராக இருந்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், புகைக்கும் பொம்மைக்கும் அத்தனை மெனக்கெடும் சின்னப் படங்கள் இலவசமாகக் கிடைக்கும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

கணக்கு இதுதான். நாம் வாழும் காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. இதை ஒரு வளிமண்டல அழுத்தம் என்போம். கடலில் இறங்கும் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். 100 மீட்டரில் பதினொன்று. 1,000 மீட்டரில் நூற்றொன்று.

அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபும், அவருடைய கூண்டை வடிவமைத்த ஓடிஸ் பார்ட்டனும் 1934 ஆகஸ்ட் 15 அன்று பெர்முடா அருகே 923 மீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். மேலே உள்ள கப்பலிலிருந்து ஒற்றை வடத்தில் தொங்கிய இரும்பு உருண்டை. உள்ளே இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் இடம். பார்க்கும் சன்னல் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். அந்த வட்டத்தின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 923 மீட்டரில் அதன் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 29 டன். மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் மறுபக்கத்தில் லாரி லாரியாகச் சரக்கு ஏற்றி வைத்ததுபோல.

இந்தப் பாரம் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. விளைவு மட்டும் தெரியும். 1932இல் அதே உருண்டையை ஆளில்லாமல் சோதனைக்கு இறக்கி மேலே எடுத்தபோது, கசிந்து நீர் நிறைந்திருந்தது. ஆழத்தின் அழுத்தம் அப்படியே உள்ளே சிறைப்பட்டிருந்தது. மூடியின் நடுப் போல்ட்டைத் திருகத் தொடங்கியதும் அது கையிலிருந்து பிய்த்துக்கொண்டு தளத்தின் குறுக்கே பீரங்கிக் குண்டுபோலப் பறந்தது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. அந்த வழியில் யாரும் நின்றிருக்கவில்லை. கடலுக்கு மேலே, நல்ல வெயிலில், கப்பல் தளத்தில் நடந்த இந்தச் சம்பவம் ஆழத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எந்தப் புகைமூட்டமும் சொல்லாது.

ஒலியும் அப்படித்தான். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில், உலகக் கடல்களிலேயே மிக ஆழமான சேலஞ்சர் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, 9,000 மீட்டருக்கும் கீழே பெரிய சத்தத்தோடு கலமே அதிர்ந்தது. என்ன உடைந்தது என்று அப்போது புரியவில்லை. மானிகள் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் தொடர்ந்து இறங்கினார்கள். நுழைவுப் பாதையின் சன்னல் விரிசல் விட்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு ‘டணார்’ சத்தம், அசையாமல் ஒருவரையொருவர் பார்க்கும் இரண்டு முகங்கள். எடுக்க எவ்வளவு செலவாகும்?

மூச்சு முட்டுவதைப் பற்றியும் ஒரு திருத்தம். படங்களில் எப்போதும் ஆக்சிஜன் முள்தான் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கும். மூடிய அறையில் முந்திக்கொண்டு ஆளைத் தாக்குவது நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. ஆறடி விட்டமுள்ள உருண்டைக்குள் சுமார் 3,200 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து நிமிடத்துக்கு அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதாக வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் அது காற்றில் 3 சதவீதத்தைத் தொடும். தலைவலியும் மூச்சிரைப்பும் வந்துவிடும். ஆக்சிஜனோ அப்போதுதான் 21இலிருந்து 18 சதவீதத்துக்கு வந்திருக்கும். இதனால்தான் நிஜக் கலங்களில் அந்த வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு போன்ற வேதிப்பொருள் இருக்கிறது.

1973இல் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக்கில் தொலைபேசி கேபிள் பதிக்கும் வேலையில் இருந்த பைசிஸ் III என்ற சிறு நீர்மூழ்கி, மேலே வந்த பிறகு இழுவைக் கயிறு சிக்கிப் பின்பகுதி மூடி பிய்ந்து, சுமார் 480 மீட்டர் ஆழத்தில் போய் விழுந்தது. உள்ளே ரோஜர் சாப்மன், ரோஜர் மாலின்சன் என்று இரண்டு பேர், அதே ஆறடி உருண்டையில். கையில் ஒரு சாண்ட்விச், ஒரு டின் எலுமிச்சைப் பானம். அவர்கள் செய்த மிகப் பெரிய சாகசம், முடிந்தவரை அசையாமல், பேசாமல் படுத்திருந்தது. பேசினாலே மூச்சு செலவு. 76 மணி நேரம் கழித்து மேலே இழுக்கப்பட்டபோது மிச்சமிருந்த ஆக்சிஜன் 12 நிமிடத்துக்கு. படத்தில் கதாநாயகன் கூண்டுக்குள் நின்று ஐந்து நிமிடம் வசனம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேரின் நினைவு வரும்.

குகைக்குள் காற்று

மலிவுப் படங்களுக்கு இன்னொரு மிகப் பெரிய சலுகை கடலடிக் குகை. 1950களின் பிற்பகுதியில் எடுத்த ஓர் அமெரிக்கப் படத்தில் வடம் அறுந்து கீழே போனவர்கள் கூண்டை விட்டு வெளியே வந்து, காற்றுள்ள குகை ஒன்றுக்குள் புகுந்துவிடுகிறார்கள். மீதிப் படம் முழுக்கக் குகையில்தான். அது எடுக்கப்பட்ட இடம் அரிசோனாவின் பாலைவனப் பக்கம், டூசான் நகருக்கு அருகிலுள்ள கொலாஸல் குகை. நீர்க்கசிவு நின்று எப்போதோ உலர்ந்துபோன குகை அது. கடலுக்கடியில் என்று சொல்லி, இதைவிட ஈரமில்லாத இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். செட் செலவு மிச்சம், முகமூடி வேண்டாம், தாராளமாகப் பேசலாம். தயாரிப்பாளரின் மனத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது.

கடலடிக் குகையில் காற்று தங்கியிருக்குமா? தங்கும். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கிறதே, அதேபோல. ஆனால் அந்தக் காற்றைக் கீழிருந்து நீர் அழுத்திக்கொண்டே இருக்கும். பத்து மீட்டரில் டம்ளர் காற்று பாதியாகச் சுருங்கும், முப்பது மீட்டரில் கால்வாசி. நீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டின் அழுத்தமும் சமம். இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. 500 மீட்டர் ஆழத்துக் குகையில் காற்று இருந்தால் அது 51 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். நைட்ரஜன் போதையேற்றும். ஆக்சிஜனே நஞ்சாகும்: சாதாரணக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் அதன் பங்கு அழுத்தம் மட்டும் பத்து வளிமண்டலத்தைத் தாண்டும், முக்குளிப்பவர்கள் 1.6ஐத் தாண்டவே பயப்படுவார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு “அட, இங்கே மூச்சுவிட முடிகிறது!” என்று சொல்லும் பாத்திரம் அடுத்த வசனத்தைப் பேசியிருக்க மாட்டார்.

ஆழம் குறைவு என்றால் கதை மாறும். 2013இல் நைஜீரியா அருகே கவிழ்ந்து முப்பது மீட்டரில் கிடந்த இழுவைப் படகுக்குள், காற்று தங்கிய ஒரு மூலையில் அதன் சமையல்காரர் இரண்டரை நாள்போல உயிரோடு இருந்தார். உடல்களை மீட்கப் போன முக்குளிப்பவரின் கையை இருட்டில் ஒரு கை பிடித்தது. நாலு வளிமண்டலக் காற்றை மனித உடல் தாங்கும். ஆனால் அவரைக் கண்டுபிடித்ததும் மேலே தூக்கிவிடவில்லை. அழுத்தத்தில் மூச்சுவிட்ட உடம்பில் நைட்ரஜன் கரைந்து ஊறிப்போயிருக்கும். சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டில்போல ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழி கட்டும். அதனால் அவரை முக்குளிப்பவர்களை ஏற்றி இறக்கும் அழுத்தக் கூண்டில் ஏற்றி, அழுத்தக் குறைப்பு அறையில் நாள்கணக்கில் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள்.

கூண்டை விட்டு இறங்காதவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரும்புச் சுவர் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, உள்ளே சாதாரணக் காற்று இருக்கும். மேலே வந்ததும் கதவைத் திறந்து இறங்கி நடக்கலாம். வெளியே வந்து குகையில் வாழ்ந்தவர்களுக்குத்தான் கடன். அந்த ஆழத்துக்கேற்ற விசேஷக் காற்றுக் கலவையை எப்படியோ சுவாசித்துத் தப்பினார்கள் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், வெளியே கொண்டுவர முப்பது மீட்டருக்கு ஒரு நாள், கூட ஒரு நாள் என்பது உத்தேசக் கணக்கு. 480 மீட்டர் என்றால் பதினேழு நாள். கடைசிக் காட்சியில் கப்பல் தளத்தில் நின்று கட்டியணைத்துக்கொள்ள வேண்டியவர்கள், அதே தளத்தில் ஓர் இரும்பு உருளைக்குள் படுத்துக்கொண்டு, சின்ன வட்டக் கண்ணாடி வழியாகத் தங்கள் வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு ஒரு சிறு இரட்டைக் கதவு வழியாக உள்ளே போகும். குகையில் ஆரம்பித்த தகராறு அப்படியே பாக்கி இருக்கும். ஒரே அறை, நாலு நடிகர்கள், ஒரு சன்னல், பதினேழு நாள்: தயாரிப்பாளரிடம் மிச்சக் காசு ஏதாவது இருந்தால், புகைகூட இல்லாமல் இரண்டாம் பாகத்தை அங்கேயே எடுத்துவிடலாம்.